குருபாவின் குறிப்பேடு

செப்டம்பர் 2

வேலை கிடைத்துவிட்டது. பத்தொன்பது ஆண்டுகள் கார் பிரேக்குக் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த என்னைப் பெண்கள் தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அணியின் பெயர் கிதானாமி ஷிரசாகி. ஷிரசாகி என்றால் வெண்கொக்கு. சென்ற பருவத்தில் கடைசிக்கு ஒரு படி மேலே முடித்த கொக்கு.

சென்னை வியாசர்பாடியிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியை முன்வரிசை ஆட்டத்துக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். அவளுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி வராது. இந்த வடக்குக் கடலோர ஊரில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே போட்டி கடுமையாக இல்லை.

நேர்முகத்தில், எனக்குக் கால்பந்து தெரியாது என்றேன். "எங்கள் தற்காப்பு வரிசைக்கும் தெரியாது" என்றார் பயிற்சியாளர் மொரிவாகி. நாற்பத்தேழு வயது, முன்னாள் ஆட்டக்காரர். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இங்கே அதுதான் பாதுகாப்பு.

செப்டம்பர் 5

விமான நிலையத்தில் கிருபா. ஒரு பெட்டி, ஒரு பை, பைக்குள் கசிந்துகொண்டிருந்த ஊறுகாய்.

"நீங்கதான் தமிழ் சாரா?"

"சிவசைலம். அம்பாசமுத்திரம். இங்கே ஷிவா-சான் என்பார்கள்."

பேருந்தில் அரை மணி நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "இன்னா சார் இவ்ளோ அமைதியா கீது? யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள்.

ஜப்பானியர் வாயில் அவள் பெயர் 'குருபா' என்று வருகிறது. இரண்டு முறை திருத்திப் பார்த்தாள். மூன்றாம் முறை, "பரவால்ல சார், அதுவும் நல்லாத்தான் கீது" என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பர் 8

குறிப்பேட்டைப் பற்றி எழுத வேண்டும். என் வேலையில் பாதி அதுதான் என்று இன்று தெரிந்தது.

ஒவ்வொரு ஆட்டக்காரரும் தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். இன்று என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, உடம்பு எப்படி, நாளை என்ன செய்வேன். காலையில் கொடுத்தால் மொரிவாகி மதியத்துக்குள் சிவப்பு மையில் பதில் எழுதித் திருப்பிவிடுவார். பள்ளிக்கூட நாளிலிருந்தே இவர்கள் இப்படி எழுதி வளர்ந்தவர்கள். இருபத்தைந்து பெண்களிடம் பேசுவதைவிட இருபத்தைந்து பக்கங்களைப் படிப்பது எளிது என்பது என் ஊகம். பேச்சில் இவர்கள் யாரும் எதையும் சொல்வதில்லை.

கிருபா இடது பக்கத்தில் தமிழில் எழுதுவாள். எதிரே வலது பக்கத்தில் நான் ஜப்பானியத்தில் எழுதுவேன். பயிற்சியாளர் வலது பக்கத்தைப் படிப்பார்.

அவளுடைய முதல் பதிவு: 'ஓடுனோம். திரும்ப ஓடுனோம். குளுருது. சோறு கொழகொழன்னு கீது.'

எழுத்துக்கு எழுத்து மாற்றிக் கொடுத்தேன். சிவப்பு மை சொன்னது: 'குளிர்காலம் இன்னும் வரவில்லை.'

செப்டம்பர் 15

மூன்று ஆட்டங்கள் முடிந்துவிட்டன. கிருபா பெஞ்சில்கூட இல்லை. குறிப்பேட்டில் நேற்றைய சிவப்பு மை: 'காலநிலையையும் உணவையும் பற்றி எழுதுகிறீர்கள். உங்களைப் பற்றி எழுதுங்கள்.'

"கொஞ்சம் யோசிச்சு, விளக்கமா எழுதேம்மா" என்றேன்.

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சார் பந்தாட வரேன்? எங்க டீச்சரு என் கட்டுரைய படிச்சிட்டு, 'நீ கிரவுண்டுக்கே போயிரு'ன்னாங்க. அப்டித்தான் சார் நான் பிளேயரே ஆனேன்." ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்களே பாத்து நல்லா எழுதிக்கோங்க."

இதை இங்கே தேதியோடு பதிவு செய்கிறேன். நீங்களே பாத்து நல்லா எழுதிக்கோங்க. அவளுடைய சொற்கள்.

செப்டம்பர் 16

இடது பக்கம்: 'குளுருது.'

வலது பக்கம்: 'என் உடம்பு இந்த ஊருக்கு வந்துவிட்டது. கால்கள் இன்னும் வந்து சேரவில்லை. நாளை அவற்றுக்காக அரை மணி முன்னதாகவே மைதானத்தில் காத்திருப்பேன்.'

அவளிடம் நாளை அரை மணி முன்னதாக வரச் சொல்லிவிட்டேன். ஆக, பொய் இல்லை.

செப்டம்பர் 22

மொரிவாகி இன்று அணிக் கூட்டத்தில் குருபாவின் பக்கத்தை உரக்க வாசித்தார். இருபத்தைந்து பெண்கள் முதுகை நிமிர்த்திக் கேட்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

முப்பத்தோராவது வயதில் ஒரு நாவல் எழுதினேன். அதை இதுவரை உரக்க வாசித்த ஒரே ஆள் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அதுவும் தூக்கம் வராமலிருக்க.

கிருபா என் முழங்கையை இடித்தாள். "எல்லாரும் ஏன் சார் என்னப் பாக்குறாங்க?"

"நீ நன்றாக எழுதியிருக்கிறாயாம்."

"ஆமாவா?" என்றாள். அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் இடம்.

அக்டோபர் 5

கடைசி இருபது நிமிடம் இறங்கினாள். தலையால் ஒரு கோல். காற்றில் இவ்வளவு நேரம் ஒருத்தி நிற்க முடியும் என்று எனக்குத் தெரியாது. கொக்குகள் வென்றன. அடுத்த ஆட்டத்தில் முதல் பதினொன்றில் இருப்பாள்.

வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக்கைக் கழுவிக் காய வைத்தேன். நாளை பிளாஸ்டிக் குப்பை எடுக்கும் நாள். கழுவாமல் போட்டால் மஞ்சள் தாள் ஒட்டி வாசலிலேயே விட்டுப் போவார்கள். இந்த நாட்டில் குப்பைக்கும் ஒரு பதில் எழுதுகிறார்கள்.

அக்டோபர் 12

பயிற்சியில் கிருபாவும் கோல்கீப்பர் இகுமியும் ஒரே பந்துக்கு எழும்பித் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். சத்தம் எனக்கே கேட்டது. நான் கோட்டுக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அணியின் உடல்நலப் பயிற்றுநர் ஹயாசகா ஓடிவந்து கேள்விகள் கேட்டார். இன்று என்ன கிழமை, போன ஆட்டத்தில் எத்தனை கோல். நான் தமிழில் கேட்டேன். சரியாகச் சொன்னாள்.

"ஒண்ணியும் இல்ல சார். எங்க தெருவுல இத விடப் பெருசா வுழுந்துகீறேன். கீழ சிமெண்டு."

இருவருக்கும் இன்று ஓய்வு. ஏதாவது மாற்றம் தெரிந்தால் கட்டாயம் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று ஹயாசகா இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் மொழிபெயர்த்தேன்.

அக்டோபர் 13

இகுமி தன் குறிப்பேட்டில் ஒரே வரி எழுதியிருந்தாளாம்: 'நேற்றிலிருந்து தலை வலிக்கிறது, குமட்டுகிறது.' மொரிவாகி அவளை உடனே மருத்துவரிடம் அனுப்பி, இரண்டு வாரம் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்றுவிட்டார். கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். 'எழுதியதற்கு நன்றி' என்று சிவப்பு மை.

நேர்மையான எழுத்து. நடை இல்லை.

கிருபாவும் இன்று சுருக்கமாகத்தான் எழுதியிருந்தாள்: 'தல வலி.' குளிர், சோறு, தலைவலி. ஒரே வரிசையில் வருபவை. முதல் இரண்டுக்கும் என்ன பதில் கிடைத்தது என்று பார்த்தாயிற்று. வலது பக்கத்தில் அதை எழுதவில்லை. தவிர, இகுமிக்கு மாற்றாக இன்னொரு கோல்கீப்பர் இருக்கிறாள். கிருபா இப்போதுதான் முதல் பதினொன்றுக்கு வந்திருக்கிறாள். ஹயாசகாவிடம் வாயால் சொல்லிவிடலாம் என்று போனேன். தொலைபேசியில் இருந்தார். நாளை சொல்லலாம்.

"இகுமிக்கு இன்னா சார் ஆச்சு?" என்று கேட்டாள் கிருபா.

"உடம்பு சரியில்லை" என்றேன். சுருக்கிச் சொல்வதும் மொழிபெயர்ப்பில் ஒரு கலை.

அக்டோபர் 14

ஹயாசகா விடுமுறை. கிருபா சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறவளுக்குத் தலைவலி இருக்காது.

அக்டோபர் 19

இடது பக்கம்: 'பந்து ரெண்டா தெரிது.'

நீண்ட நேரம் இந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்விக்கூடம் கெடுக்காத மனத்துக்குத்தான் இப்படி வரும்.

வலது பக்கம்: 'என் முன்னால் எப்போதும் இரண்டு பந்துகள் இருக்கின்றன. ஒன்று, இப்போது இருக்கும் பந்து. மற்றது, அடுத்த நொடியில் இருக்கப்போகும் பந்து. முதலாவதைத் துரத்துவதை நான் நிறுத்திவிட்டேன்.'

அக்டோபர் 20

சிவப்பு மையில் சொல் எதுவும் இல்லை. பக்கம் முழுவதும் ஒரு பெரிய பூ வரைந்திருந்தார். சுழி சுழியாக, சுற்றிலும் இதழோடு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கினால் போடுவது. ஒரு தொழில்முறை ஆட்டக்காரருக்கு அவர் பூப்போட்டது இதுவே முதல் முறை என்று அலுவலகத்துப் பெண் சொன்னாள்.

இனி ஆட்ட நாள் இதழில் 'குருபாவின் குறிப்பேடு' என்ற பத்தி வாரந்தோறும் வருமாம். ரசிகர்களுக்கு இலவசம். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு வாசகர்கள்.

அக்டோபர் 27

ஈரக் குப்பை நாள். எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 3

மைதானத்தில் ஒரு பதாகை: 'இரண்டு பந்துகள்'. நான்கு பேர் பிடித்திருந்தார்கள். எழுத்து நேர்த்தியாக இருந்தது. முன்னால் 'எப்போதும்' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள், மன்னித்தேன்.

கிருபா இரண்டு எளிய வாய்ப்புகளைத் தவறவிட்டாள். ஆட்டம் முடிந்த பிறகு உடை மாற்றும் அறையில் விளக்கை அணைக்கச் சொன்னாள். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியாசர்பாடியில் வளர்ந்தவளுக்கு இந்த ஊரின் நோஞ்சான் வெயில் கூசுகிறதாம்.

"சார், நான் எழுதுனத கோச் படிச்சாங்களா?"

"தினமும் படிக்கிறாங்க. பூப்போட்டிருக்காங்களே, பாக்கலையா?"

"பாத்தேன்." தொப்பியைச் சற்றே தூக்கினாள். "அப்பறம் ஏன் சார் ஒண்ணுமே கேக்கல?"

"இங்கே அப்படித்தான். நேரில் கேட்க மாட்டார்கள்."

"அப்ப பூப்போட்டா, ஆடலாம்னு அர்த்தமா?"

"அவங்க பூப்போட்டிருக்காங்க" என்றேன் மறுபடியும். அது உண்மை.

நவம்பர் 16

விளையாட்டு மாத இதழிலிருந்து ஒரு நிருபர். குருபாவிடம் அவளுடைய எழுத்தைப் பற்றி நாற்பது நிமிடம் கேட்டார். கிருபா மொத்தம் பதினொரு சொற்கள் சொன்னாள். அதில் நான்கு, 'இன்னா சார் கேக்குறாரு இவரு'. பேட்டி மூன்று பக்கம் வருமாம். இருபத்து மூன்றாம் தேதி ஆட்டத்துக்குப் புகைப்படக்காரரை அனுப்புகிறார். குளிர்கால இடைவெளிக்கு முன் கடைசி ஆட்டம். அதன் பிறகு ஒரு மாதம் ஓய்வுதான். அவளே நன்றாகத் தூங்கி எழுந்துவிடுவாள்.

நவம்பர் 23

மழையும் பனியுமாக ஒரு சனியன் பிடித்த நாள். அறுபத்திரண்டாம் நிமிடம், மூலை உதை. கிருபா எழும்பினாள். பந்து தலையில் பட்டு மேலே போயிற்று. கடினமான பந்து அல்ல. யாரும் அவள்மேல் மோதவில்லை. தரையில் இறங்கி, நின்று, இரண்டு அடி நடந்து, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்தாள்.

புகைப்படக்காரர் முழுவதையும் எடுத்தார்.

நவம்பர் 24

மண்டையைத் திறந்து கசிந்த இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. மருத்துவர் இளைஞர், மெதுவாகப் பேசினார். இது நேற்றைய அடியால் மட்டும் வந்ததல்ல. முன்பே ஒரு அடி பட்டு, அது ஆறுவதற்குள் மேலும் மேலும் தலையால் ஆடியிருக்கிறாள். தலைவலி, குமட்டல், பார்வைக் கோளாறு எப்போதிருந்து என்று உங்களுக்குத் தெரியுமா?

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 25

கிருபாவின் அம்மா அழைத்தார். பெரம்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்கிறார். கடவுச்சீட்டு எடுக்கவே இன்னும் மூன்று வாரமாகுமாம். அழுது முடித்த பிறகுதான் அழைத்திருக்கிறார் என்று குரலில் தெரிந்தது.

"சார், நீங்க கூடக் கீறீங்கன்ற தைரியத்துலதான் அனுப்புனேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா சார், நோவ வாயால சொல்லவே மாட்டா. சின்னதுலேந்து அப்டித்தான். உங்க கைல ஏதாச்சும் சொன்னாளா சார்?"

தொடர்பு சரியில்லை என்றேன். தொடர்பு நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 30

கண் விழித்தாள். வலது கை அசையவில்லை. சொற்கள் தேடித் தேடி வருகின்றன. என்னைப் பார்த்து, "தமிழ் சார்" என்றாள். செவிலி மகிழ்ந்து குறித்துக்கொண்டாள். நினைவு சரியாக இருக்கிறதாம்.

இனி ஆட முடியாது என்பதை அவளிடம் சொல்லும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது. சொன்னேன். இதில் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க எதுவும் கிடைக்கவில்லை.

டிசம்பர் 4

இகுமி வந்தாள். நான் சன்னல் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். என்னைத் தொந்தரவு செய்ய விரும்பாமல், பேசினால் மொழிபெயர்க்கும் செயலியை அவளே தொலைபேசியில் திறந்தாள். ஆட்ட நாள் இதழிலிருந்து கிழித்து நான்காக மடித்த ஒரு தாளை விரித்து, நிதானமாக வாசித்தாள். தொலைபேசி ஒரு பெண் குரலில் தமிழில் சொன்னது:

"எனக்கு முன்னால் எப்போதும் இரண்டு பந்துகள் உள்ளன. ஒன்று இப்போது உள்ள பந்து. மற்றொன்று அடுத்த நொடியின் பந்து."

கிருபா தொலைபேசியைப் பார்த்தாள்.

இகுமி இன்னும் பேசினாள். குரல் சொன்னது: "என் தலை வலித்தபோது பயிற்சியாளர் எனக்கு இரண்டு வாரம் விடுமுறை கொடுத்தார். அப்போது படுக்கையில் இதைத்தான் படித்தேன். நீங்கள் எழுதியது எனக்குத் தைரியம் தந்தது. நன்றி."

அவள் குனிந்து வணங்கிவிட்டுப் போன பிறகு, கிருபா குறிப்பேட்டை எடுக்கச் சொன்னாள். வலது பக்கங்களைத் தமிழில் வாசிக்கச் சொன்னாள். முதல் பக்கத்திலிருந்து. வாசித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

"நல்லாத்தான் சார் கீது" என்றாள் கடைசியில். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "யாரு சார் இந்தக் குருபா?"

டிசம்பர் 6

மொரிவாகி வந்தார். கட்டிலருகே தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். கிருபா பதறி இடது கையால் அவர் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

தாழ்வாரத்தில் என்னிடம் பேசினார். பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டாராம். "வலது பக்கங்களை மூன்று முறை படித்தேன், ஷிவா-சான். எங்காவது எழுதியிருப்பாள், நான்தான் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று தேடினேன். பூவெல்லாம் போட்டேனே. எந்த வரியை நான் தவறவிட்டேன்?"

இயந்திரத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். சூடாக இருந்தது, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 8

மருத்துவர் படிவம் ஒன்று கொடுத்தார். இடது பக்கங்களில் உடம்பைப் பற்றி இருப்பதை மட்டும், தேதி போட்டு, ஜப்பானியத்தில். சிகிச்சைக்கு வேண்டும். கால்பந்துச் சங்கத்தின் விசாரணைக்கும் ஒரு படி போகும். அணி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், வெளியிலிருந்து வேறு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தலாமா என்று கிருபாவைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"வேணாம். இவரே எழுதட்டும்" என்றாள் அவரைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்தத் தபா நான் எழுதுனத மட்டும் எழுதுங்க சார்."

டிசம்பர் 9

காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். முடித்தது இது.

அக்டோபர் 13. தலைவலி.

அக்டோபர் 15. தலைவலி. வாந்தி எடுத்தேன்.

அக்டோபர் 16. தலைவலி.

அக்டோபர் 19. பந்து இரண்டாகத் தெரிகிறது.

அக்டோபர் 22. பேருந்திலிருந்து இறங்கும்போது படி தெரியவில்லை.

அக்டோபர் 27. சார், கோச்சிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு நாள் படுத்தால் சரியாகிவிடும்.

நவம்பர் 4. கோச் பூப்போட்டார்கள். சார் சொல்லிவிட்டார் போல. ஆடலாம்.

நவம்பர் 22. தலைவலி. நாளையோடு முடிந்துவிடும்.

எட்டுத் தேதிகள். ஒரு பக்கம்கூட நிறையவில்லை. அக்டோபர் 27-ஐ எழுத மதியம் தாண்டிவிட்டது. அதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை.

'சார்' என்பது யார் என்று படிப்பவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு என் முழுப் பெயரை எழுதினேன். நான் சேர்த்தது அது ஒன்றுதான்.

இரண்டு படிகளையும் மூன்று மணிக்குக் கொடுத்துவிட்டேன். மொரிவாகிக்கு மூன்றாவதாக ஒரு படி, தபாலில்.